பின்வளவில மர டெக் போடலாமா? ஆரையம்பதித் தம்பிக்கு விரிவான பதில்

கட்டார்ல வேலை செய்யிற, மட்டக்களப்பு ஆரையம்பதித் தம்பி கேட்டது இதுதான். வீடு மெயின் ரோட்டுக்கு கடல் பக்கம், வாசல் மேற்க பாத்தது, பின்வளவு கிழக்கால 40 அடிக்கு 30 அடி வெறும் மணல், ஒரு மூலையில கிணறு, ஒரு வேம்பு, ரெண்டு தென்னை. வீட்டில மனைவி, ரெண்டு சின்னப் புள்ளைகள், முழங்கால் வருத்தக்கார அம்மா. வெளிநாட்டு வீடியோக்கள்ல காட்டுற மாதிரி பின்னால ஒரு மர டெக் (பலகையடிச்ச வெளித்தளம்) போட்டு எல்லாரும் பின்னேரத்தில வெளிய இருக்கிற மாதிரி செய்யோணும், மரமா, இன்டர்லொக் கல்லா, டைல்ஸா, எவ்வளவு பெரிசு, மேல கூரை வேணுமா எண்டு கேட்டிருக்கீங்க. இந்தக் கரையில வீட்டு பிளான் கீறி, வேலைத்தளத்தில நிண்டு பாக்கிற ஆள் எண்டபடியா தெரிஞ்சதெல்லாம் சொல்றன், கொஞ்சம் நீளும், பொறுத்து வாசிங்க.

முடிவ முதலே சொல்லிப்போடுறன். உங்கட வளவுக்கு மர டெக் சரிவராது, கூரை போட்ட அகலமான ஒரு திண்ணைதான் சரி. மரமா கல்லா எண்ட கேள்விய கடைசிக்கு வைங்க தம்பி. நிழல் எங்க விழுது, காத்து எங்கால வருது, மாரியில தண்ணி எங்க போகுது, வீட்டுப் பொம்பளைகள் பின்வளவ என்னத்துக்கு பாவிக்கிறாங்க, இந்த நாலும் தெளிவானா தரை தானா முடிவாகும். நம்மட ஆக்கள் நிறையப் பேர் மறுவளமாத்தான் செய்யிறாங்க, வெளிநாட்டுக் காசில முதல்ல பளபளக்கிற டைல்ஸ் வாங்கி பின்னுக்கு பூரா ஒட்டி விடுறாங்க, மறுகா பாத்தா பகலெல்லாம் கால் வைக்க ஏலாத சூடு, மழைக்கு வழுக்குது, கடைசியில உடுப்புக் கொடிதான் அங்க நிக்குது. அந்தக் காசையும் ஆசையையும் நினைக்கத்தான் மனசு வருத்தமாயிருக்கும்.

அமெரிக்கா, கனடா பக்கம் டெக் ஏன் வந்தது எண்டத ஒருக்கா பாருங்க. அங்க நிறைய வீடு மரச்சட்டத்தில கட்டினது, வீட்டுத் தரை நிலத்த விட நல்லா உயரம், காணி சரிவு, பைன் மாதிரி மென்மரத்துக்கு அழுத்தத்தில மருந்தேத்தி கறையானும் உக்கலும் தாக்காத மாதிரி மலிவா விக்கிறாங்க. குளிர் நாட்டில நிலம் உறைஞ்சி எழும்பும், அதால தூணுக்கு ஆழமா குழி தோண்டி மேல பலகைத் தளத்த தூக்கி வைக்கிறாங்க. அவங்க வெயிலத் தேடி வெளிய வாறாங்க, நாம வெயிலுக்குத் தப்பி வெளிய வாறம். நமக்கு காணி மட்டம், வீடு பிளாக் கல்லு, வீட்டுத் தரை மணலுக்கு மேல ஒண்டரை அடிதான். ஒண்டரை அடி உயரத்தில பலகையடிச்சா கீழ ஒரு இருட்டுப் பொந்து உண்டாகும், வேப்பஞ்சருகு சேரும், எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். புள்ளைகள் விளையாடுற இடத்துக்கு கீழ அது நல்லமில்ல.

இனி நிழல். உங்களுக்கு பின்வளவு கிழக்கால இருக்கிறது பெரிய வாய்ப்பு. பின்னேரம் வீடே உங்களுக்கு நிழல் தரும். கூரை விளிம்பு 10 அடி உயரம் எண்டு வச்சா பின்னேரம் 3 மணிக்கு கிட்டத்தட்ட 10 அடி தூரத்துக்கு நிழல் விழும், 4 மணியாகக்குள்ள 16, 17 அடிக்கு போயிரும். அதாவது அம்மா தேத்தண்ணி குடிக்கிற நேரம், புள்ளைகள் டியூசன் முடிஞ்சி வாற நேரம் அந்த இடம் பூரா நிழல்தான். காலையில மட்டும் 10, 11 மணி வரைக்கும் வெயில் நேரா அடிக்கும், அந்த நேரம் உடுப்புக் காயப் போடவும் மிளகாய் காயப் போடவும் வெயில் வேணும்தானே. இதே வளவு மேற்கால இருந்திருந்தா நான் சொல்ற கதை வேற, மேற்குப் பின்வளவுக்காரருக்கு பின்னேர வெயில் தாழ்வா கூரைக்குக் கீழால வந்து முகத்தில அடிக்கும், அதுக்கு கூரை மட்டும் காணாது, தட்டியோ மரமோ நிக்கோணும்.

இன்னொண்டு, நிறைய மேசன்மாருக்கே இது தெரியா. மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கால ஏழே முக்கால் பாகை அளவுலதான் இருக்கு, அதால ஏப்ரல் நடுவில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியான வெயில் வடக்குப் பக்கமா சரிஞ்சி நிக்கும், மற்ற மாசங்கள்ல தெற்கால. கச்சான் (மேல்காத்து) காலத்து கடும் வெயில்ல வடக்குச் சுவர்தான் காயும். அதால திண்ணைக் கூரைய வடக்கு ஓரத்தில கொஞ்சம் வெளிய நீட்டி விடுங்க, தெற்குப் பக்கத்த மட்டும் பாத்து கட்டினா சூடு கூடின மாசங்கள்ல பிழைச்சிப் போகும்.

காத்துக்கு வாறன். மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் மேற்கால கச்சான் அடிக்கும், மலைநாட்டுக்கு அங்கால மழையெல்லாம் கொட்டிப்போட்டு இஞ்சால இறங்கக்குள்ள காஞ்ச சூட்டுக் காத்தா வரும், கண்ணெரியும், தூசி வரும். உங்கட திண்ணை வீட்டுக்குப் பின்னால இருக்கிறதால வீடே அதை மறிக்கும். பின்னேரம் கச்சான் அடங்கினா கடல்காத்து கிழக்கால வந்து நேரா திண்ணைக்குள்ள விழும். அந்தக் காத்த மதில் கட்டி மறிச்சிப்போடாதீங்க! கடல் பக்கம் ஆறடி மதில் எழுப்பி அதுக்குள்ள ஃபேன் போட்டுக்கொண்டு இருக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கு. பாதுகாப்புக்கு மதில் வேணுமெண்டா மூண்டடி கல்லு, மேல கிறில் அல்லது ஓட்டைக் கல்லு வச்சி காத்துக்கு வழி விடுங்க.

அதே கிழக்குத்தான் மாரியில கஷ்டமும் தரும். ஒக்டோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் மழை வடகிழக்கால சரிஞ்சி அடிக்கும், நம்மட வருச மழையில பெரும்பங்கு அந்த மாசங்கள்ல தான். கூரை திண்ணை விளிம்பில நிண்டா சாரல் அரைவாசித் திண்ணையை நனைக்கும், அதால கூரை திண்ணையத் தாண்டி 3 அடி வெளிய போகோணும், அதுக்கு மேல சுருட்டி இறக்குற தறப்பாளோ பன்தட்டியோ கிழக்கையும் வடக்கையும் கட்டி வைங்க, மழைக்கு இறக்கலாம், மற்ற நாளையில சுருட்டிக் கட்டலாம். காத்து பலமா அடிக்கிற நாள்ல கட்டாயம் சுருட்டி இறுக்கிக் கட்டோணும், விரிச்ச தறப்பாள் கூரையையே இழுத்துப்போடும்.

இனி நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல கேக்கிற கேள்வி: பின்வளவில யார் கூட நேரம் நிக்கிறாங்க? நீங்க லீவுக்கு வாற ஒரு மாசம் கதிரையில சாஞ்சி இருப்பீங்க, மனைவியும் அம்மாவும் வருசம் பூரா அங்கதான். மீன் ஆயிறது, தேங்காய் துருவுறது, உரல்ல இடிக்கிறது, அரிசி புடைக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, கோழிக்கு தீனி போடுறது, இதெல்லாம் கோடிப்பக்கத்து வேலை. பிளான்ல இதுக்கு இடம் கீறாம சோபா மட்டும் கீறினா என்ன நடக்கும், மீன் ஆயிற கத்தியும் சட்டியும் பக்கத்து மதிலோரம் வெயிலுக்குள்ள போகும், இல்லாட்டி அந்த அழகான திண்ணையிலயே மீன் செதில் ஒட்டும். ரெண்டும் வேணாம்.

அதால குசினிக் கதவுக்குக் கிட்ட, திண்ணைக் கூரைக்கு கீழயே ஒரு பக்க முனையில 5 அடிக்கு 6 அடி வேலை இடம் ஒண்டு ஒதுக்குங்க. இரண்டே முக்கால் அடி உயரத்தில ஒரு கொங்கிரீட் தட்டு, அதுக்கு மேல கிறனைட் அல்லது சீமெந்து பினிஷ், பக்கத்தில ஒரு பைப், ஒரு ஆழமான தொட்டி. நிண்டு வேலை செய்யிற ஆக்களுக்கு இது. அம்மா குந்தியிருந்து மீன் ஆஞ்சி பழகினவ, இப்ப முழங்கால் விடாது எண்டா 18 இஞ்சி உயரத்தில இருக்கிற கட்டு ஒண்டும் அதுக்கு முன்னால இருந்து வேலை செய்ய ஏத்த உயரத்தில ஒரு சின்னத் தட்டும் வச்சிக் குடுங்க, இருந்தபடியே செய்வா. அந்தத் தொட்டித் தண்ணி கிணத்துப் பக்கம் போகக் கூடாது, எதிர்ப் பக்கமா பைப்பில கொண்டுபோய் வாழைக்கோ தென்னைக்கோ விடுங்க. செதில் அடைக்காம இருக்க வலைத்தட்டு ஒண்டு வாயில வைக்க மறக்காதீங்க. கடல்காத்து கிழக்கால வாறதால வேலை இடத்த திண்ணைக்கு நேர் கிழக்கால வச்சா மீன் வாடை இருக்கிற ஆக்களுக்கு மேலால வீட்டுக்குள்ள போகும், பக்கச்சுவர் மூலையில வச்சா வீட்டோரத்தால வெளிய போயிரும்.

அளவுக்கு வருவம். 12 அடி ஆழம், 18 அடி நீளம், வேலை இடத்தையும் சேத்து. 8 அடி ஆழத்தில கட்டுறவங்க தான் கூட, அது விறாந்தை மாதிரி நடந்து போக சரி, குடும்பமா இருக்க சரிவராது. ஆறு பேர் மேசையில இருக்க, கதிரையை பின்னுக்கு இழுத்து ஒழும்ப எண்டா மேசையைச் சுத்தி 3 அடி வேணும், அப்ப 10 அடிக்கு 12 அடி போயிரும். நீங்க மேசை போடாம பன்பாய் விரிச்சி இருக்கிற ஆக்கள் எண்டா அதே இடத்தில இன்னும் கூடப் பேர் இருக்கலாம். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் சஹன் சாப்பாடு (ஒரு பெரிய தட்டைச் சுத்தி இருந்து ஒண்டா சாப்பிடுறது) வைக்கிற வீடுகளுக்கு நான் அளவு எடுக்கக்குள்ள ஒரு சஹனச் சுத்தி ஆறு பேர் இருக்க 7 அடி வட்டம், பரிமாறுற ஆளுக்கு நடுவால ரெண்டடி வழி எண்டு பாப்பன், அந்தக் கணக்கில 12க்கு 18ல ரெண்டு சஹன் தாராளமா வைக்கலாம். சடங்கு, கலியாணம் எண்டு வந்தா திண்ணை காணாதுதான், அதுக்கு முன்னால இருக்கிற மணல் முத்தத்தில பந்தல் போட்டுக்கொள்ளலாம், அந்த முத்தத்த அப்படியே விட்டு வைங்க.

உயரம். வீட்டுத் தரை மணலுக்கு மேல 18 இஞ்சி எண்டீங்க. திண்ணையை அதுக்கு 2 இஞ்சி மட்டும் கீழ வைங்க, அம்மா வீட்டுக்குள்ள இருந்து வெளிய வர படி இறங்கத் தேவையில்ல, அந்த 2 இஞ்சியும் மழைத்தண்ணி உள்ள வராம மறிக்கும். திண்ணையில இருந்து மணலுக்கு வீட்டுப் பக்கம் மிச்சம் 16 இஞ்சி, அதை மூண்டு படியா பிரிச்சா ஒரு படிக்கு அஞ்சேகால் இஞ்சி சொச்சம், முழங்கால் வருத்தக்காரருக்கு அது லேசு. படி மிதிக்கிற அகலம் 12 இஞ்சி, ஒரு பக்கம் 3 அடி உயரத்தில பிடிகம்பி. எல்லாப் படியும் ஒரே உயரமா இருக்கோணும், கடைசிப் படி மட்டும் கூடிக் குறைஞ்சாத்தான் ஆக்கள் விழுறது, மேசனுக்கு இதை நிண்டு சொல்லுங்க. சக்கர நாற்காலிக்கு சாய்வுப் பாதை வேணுமெண்டா ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம், உங்களுக்கு 16 அடி வரும், இடம் இருக்கு, இப்ப கட்டாட்டியும் அந்தப் பக்கத்த வெறுமையா விட்டு வைங்க. திண்ணை விளிம்பில இருக்கிறதுக்கு 18 இஞ்சி உயரத்தில, 20 இஞ்சி அகலத்தில ஒரு கட்டு ஓடட்டும், ஒரு பக்கம் மட்டும் இரண்டரை அடி அகலமாக்கினா மத்தியானத்தில ஒரு ஆள் சாயலாம்.

வெள்ளம் வாற காணிகளுக்கு இந்த உயரம் வேற மாதிரி. 2011 ஜனவரி வெள்ளத்தில உங்கட ஒழுங்கையில தண்ணி எவ்வளவு நிண்டது எண்டு பழைய ஆக்கள்ட்ட கேளுங்க, சுவர்ல அடையாளம் காட்டுவாங்க, அதுக்கு மேலதான் திண்ணை மட்டம், அதே நேரம் உங்கட மண் நிரப்பால பக்கத்து வளவுக்கு தண்ணி திரும்பக் கூடாது.

தரை கட்டுற விதம். ஓரத்துக்கு பிளாக் கல்லில சின்ன அத்திவாரம், உள்ளுக்கு மணல் நிரப்பி தண்ணி விட்டு நல்லா இறங்க விடுங்க, மணல் தண்ணிக்கு நல்லா இறுகும், அந்த நாள் மேசன்மார் அப்படித்தான் செஞ்சாங்க. ஆனா ஒரே தரத்தில முழு மணலையும் கொட்டிப்போட்டு தண்ணி விட்டா அடி இறுகாது, ஆறாறு இஞ்சியா நிரப்பி ஒவ்வொண்டுக்கும் தண்ணி. அதுக்கு மேல 3, 4 இஞ்சி கொங்கிரீட், சின்ன கம்பி வலை. 9, 10 அடிக்கு ஒரு இடத்தில மூட்டு விட்டா வெடிப்பு அந்த மூட்டுக்குள்ள போகும், கண்டபடி ஓடாது. வெளிப்பக்கமா அடிக்கு கால் இஞ்சி சரிவு கட்டாயம், 12 அடிக்கு 3 இஞ்சி வரும் (படிய கடல் பக்க விளிம்பில வச்சா உயரம் 13 இஞ்சிதான், அதை மூண்டு படியா சமனா பிரிங்க), அது கண்ணுக்கு தெரியாது, ஆனா தண்ணி நிக்காது. கொங்கிரீட்டுக்கு கடல் மணல் கிட்டவும் வேணாம், உப்பு கம்பியை அரிச்சி, கம்பி துருப்பிடிச்சி வீங்கி, கொங்கிரீட்டை வெடிக்க வைக்கும். ஆத்து மணல் விலை எண்டு வளவு மணலையே அள்ளிக் குழைக்கப் பாப்பாங்க, பாத்துக்கொள்ளுங்க. போட்ட பிறகு 7 நாளைக்கு ஈரம் காய விடக்கூடாது.

மேல பினிஷ் என்ன எண்டு கேட்டா, சொரசொரப்பான டைல்ஸ், இல்லாட்டி தும்புத்தடியால கோடிழுத்த சீமெந்து. பொலிஷ் டைல்ஸ் வேணாம், கறுப்பு நிறம் வேணவே வேணாம். சிவப்புச் சீமெந்து தேய்ச்சா வடிவுதான், வெறுங்காலுக்கு குளிர்ச்சியும், சாரல் படாத உள்பக்கத்துக்கு போடுங்க, விளிம்புப் பக்கம் மூண்டடிக்கு சொரசொரப்பா மாத்துங்க.

இன்டர்லொக் கல்ல திண்ணைக்கு வேணாம், கிணத்தடிக்கும் நடைபாதைக்கும் போடுங்க. ஆள் நடக்க 60 மில்லிமீட்டர் கனம் காணும், வாகனம் ஏறுற இடத்துக்கு 80. கல்லுக்கு கீழ கிரவல் போட்டு அமுக்காம வெறும் மணலுக்கு மேல அடுக்கினா முதல் மாரியிலயே பள்ளம் விழும், விளிம்பில கொங்கிரீட் கட்டு இல்லாட்டி கல்லு கல்லா வெளிய நகரும்.

ஒண்டு கெஞ்சிக் கேக்கிறன், வளவு பூரா கல்லு போட்டு மூடாதீங்க. எழுவான்கரையில (வாவிக்கு கிழக்கால, கடல் பக்கம்) நம்மட கிணத்துத் தண்ணி எங்கால வருது? மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கீழ இருக்கிற பாரமான உப்புத் தண்ணிக்கு மேல நல்ல தண்ணியா தங்கி நிக்குது, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில இந்த மணல் திட்டில நிக்கிற மழைத்தண்ணிதான் நம்மட குடிதண்ணி. 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை கிணறு உப்பாப் போனது எண்டு இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும், அது திரும்ப நல்லாகினது மேல இருந்து மழை இறங்கித்தான். மணல மூடினா அந்த வழியையே மூடுறம். உங்கட திண்ணைக் கூரையே 15க்கு 21 அடி வரும், ஒரு இஞ்சி மழைக்கு 700 லீட்டருக்கு மேல தண்ணி விழும், அதை பீலி போட்டு ரோட்டுக்கு விடாம நாலடி ஆழக் குழி தோண்டி சல்லிக்கல்லு நிரப்பி அதுக்குள்ள விடுங்க, அத்திவாரத்துக்கு 10 அடி தள்ளி. பீலி தொய்யாம சரிவா இருக்கோணும், தொஞ்ச பீலியில நிக்கிற தண்ணியிலதான் டெங்கு நுளம்பு முட்டை போடும், ஏணி வச்சி பாத்தாத்தான் தெரியும்.

கூரை. நாலு பக்கமும் திறந்த கூரைக்கு காத்து கீழால புகுந்து மேல தூக்கும், இதைத்தான் ஆக்கள் மறக்கிறாங்க. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியக் கண்ட ஆக்கள் இன்னும் நம்மட ஊர்கள்ல இருக்காங்க, தகடு பறந்த கதைய அவங்கள்ட்ட கேளுங்க. அதால திண்ணைக் கூரையை வீட்டுக் கூரையோட சேத்துக் கட்ட வேணாம், சுவருக்குக் கிட்ட தனித் தூண் வச்சி வீட்டுக் கூரை விளிம்புக்கு கீழ ஒரு அடி உள்ள விட்டு தனியா நிக்கட்டும், ஒரு நாள் இது போனாலும் வீட்டுக் கூரைய இழுத்துக்கொண்டு போகாது. தூணுக்கு இரண்டரை அடி ஆழத்தில, ஒண்டரை அடி சதுரத்தில கொங்கிரீட், அதுக்குள்ள நட்டு போல்ட் புதைச்சி மேல தகட்டோட தூண் இறுகட்டும். தூணை நேரா கொங்கிரீட்டுக்குள்ள புதைச்சா நிலமட்டத்தில உப்புக் காத்துக்கு அரிச்சிப்போடும், கொங்கிரீட்டை நிலத்துக்கு மேல (திண்ணைக்குள்ள வாற தூணெண்டா வரப்போற திண்ணைத் தரைக்கு மேல) 6 இஞ்சி எழுப்பி அதுக்கு மேல தூண். பொக்ஸ் பார் (உள்ள வெறுமையான சதுர இரும்புக் குழாய்) எண்டா வாயை வெல்டிங் பண்ணி மூடச் சொல்லுங்க, அது உள்ளால துருப்பிடிக்கிற சாமான். வெல்டிங் பண்ணின இடமெல்லாம் அண்டைக்கே துருத்தடுப்பு பெயின்ட். தகடு ஓரத்தில ஒவ்வொரு மடிப்புக்கும் வாசர் போட்ட ஸ்குரூ, நடுவில கொஞ்சம் விட்டு அடிக்கலாம்.

வீட்டுப் பக்கம் பத்தடிக்கு கொஞ்சம் குறைவா, கடல் பக்கம் ஏழரை அடி, இந்தச் சரிவு தகட்டுக்கு காணும். தகடு சூடு கக்கும், கீழ அலுமினியத் தாள் ஒட்டின மெத்தை ஒண்டு விரிச்சி சீலிங் அடிச்சா நல்லா குறையும், வசதி இருந்தா ஓடு போடுங்க, ஆனா சரிவும் கூட வேணும், மரமும் கூட வேணும். கிடுகு மாதிரி குளிர்ச்சி வேற ஒண்டும் இல்ல, வருசா வருசம் மேய ஆளும் ஓலையும் கிடைச்சா தாராளமா செய்யுங்க, அடுப்புப் பக்கம் மட்டும் வேணாம். கூரை வந்தா குசினியும் பின்னறையும் கொஞ்சம் இருட்டும், யன்னலுக்கு நேர ஒரு கீலம் வெளிச்சம் விடுற சீட் வைங்க, அதுக்கு மேல வைச்சா சூடு.

தென்னை ரெண்டும் எங்க நிக்குது எண்டு நீங்க அனுப்பின போட்டோவில சரியாத் தெரியல்ல. வட்டுக்கு நேர் கீழ இருக்கிற இடமோ கூரையோ வரக் கூடாது, குரும்பை விழுந்தாலே புள்ளைகளுக்கு ஆபத்து, தேங்காய் தகட்டை நெளிச்சிப்போடும். பிளான மாத்துங்க, மரத்த வெட்டாதீங்க. வேம்ப அப்படியே விடுங்க, காலை வெயிலுக்கு அதுதான் உங்கட கூரை. அடிமரத்தச் சுத்தி 5 அடிக்கு மணல் திறந்தே இருக்கட்டும், சீமெந்து கட்டு கட்டி நெரிக்க வேணாம், ஒரு ஊஞ்சல் கட்டுங்க, கீழ மணல் இருக்கிறதால புள்ள விழுந்தாலும் அடிபடாது. புதுசா நடுறதெண்டா கடல் பக்க ஓரத்தில உயரம் குறைஞ்ச கொய்யா, மாதுளை.

இவ்வளவு சொல்லியும் மரத்தில ஆசை எண்டா, கூரைக்கு கீழ திண்ணையில ஒரு மூலைக்கு மட்டும் 6க்கு 8 அடி பலகைத் தளம் போடலாம், தப்பில்ல. முதிரை, பாலை மாதிரி வைரமரம் வேணும், பர்மிட்டோட விக்கிற டிப்போவில வாங்குங்க, ரசீதை வச்சிருங்க. மரம் எந்த இடத்திலயும் மண்ணத் தொடக் கூடாது, தொட்டா கறையான் ஏறும். சட்டம் 16 இஞ்சிக்கு ஒண்டு, பலகைக்கு பலகை நாலு இஞ்சி ஆணி ஒண்டின் தடிப்பு இடைவெளி, ஆணியையே இடையில வச்சி அடிச்சா அளவு தானா வரும். இந்த மரங்களுக்கு முதல்ல ஓட்டை போட்டுத்தான் ஸ்குரூ ஏத்தோணும், இல்லாட்டி பலகை பிளக்கும், ஸ்குரூ உடையும். கடலுக்கு இவ்வளவு கிட்ட எண்டா 316 ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ கேளுங்க, சாதாரண கறுப்பு ஸ்குரூ சீக்கிரம் துருவா ஒழுகி பலகையில கறை பிடிக்கும். பழைய என்ஜின் ஒயில் பூசச் சொல்ற ஆக்கள் இருக்காங்க, புள்ளைகள் உருளுற இடத்துக்கும் கிணறு இருக்கிற வளவுக்கும் அது வேணாம். பிளாஸ்டிக் கலந்த டபிள்யூபிசி பலகையைப் பத்தியும் கேட்டிருந்தீங்க, கறையான் பிரச்சினை இல்ல, ஆனா நேர் வெயில்ல சுடும், சூட்டுக்கு நீளும், முனைக்கு முனை இடைவெளி விடாம பூட்டினா வளைஞ்சி எழும்பும். நிழல்ல எண்டா பரவாயில்ல.

கரண்ட் வேலைக்கு ட்ரிப் சுவிட்ச் இல்லாம வெளிய ஒரு பிளக்கும் வேணாம், மழைத்தண்ணி படாத மூடி போட்ட பிளக், தரையில இருந்து 4 அடி உயரம். ஃபேன் கட்டாயம், வெக்கைக்கு மட்டுமில்ல, காத்து ஓடுற இடத்தில நுளம்பு நிக்க ஏலாது. லைட் மஞ்சள் நிறத்தில, இருக்கிற இடத்துக்கு நேர் மேல இல்லாம கொஞ்சம் தள்ளி.

இதை வாசிக்கிற படுவான்கரை (வாவிக்கு மேற்கால) ஆக்களுக்கும் அம்பாறை, சம்மாந்துறைப் பக்கத்து ஆக்களுக்கும் ஒரு சொல்லு. வயல் காணி களிமண்ணுக்கு நான் சொன்ன மணல் கதை பொருந்தாது, களி மழைக்கு ஊதும், கச்சானுக்கு சுருங்கி வெடிக்கும், மேல் களிய எடுத்துப்போட்டு கிரவல் ஆறாறு இஞ்சியா போட்டு அமுக்கித்தான் தரை. கடல்காத்து உங்களுக்கு நேரம் கெட்டுத்தான் வரும், மேற்குப் பக்கம் மரம் வேணும். யானை வாற ஊர்கள்ல திண்ணையில நெல் மூட்டை அடுக்குறதும் பக்கத்தில வாழை வைக்கிறதும் வேணாம், சாமான தேடி வந்து சுவரையே இடிச்சிப்போடும்.

தம்பிக்கு இன்னொண்டு, உங்கட வளவு கடலுக்குக் கிட்ட. கடற்கரை உயர்நீர் மட்டத்தில இருந்து 300 மீட்டருக்குள்ள எண்டா கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்து அனுமதி பாக்கோணும், அதோட கூரை போட்ட கட்டடம் எண்டபடியா பிரதேச சபையிலயும் பிளான் குடுக்கோணும். பின்னால விட வேண்டிய இடைவெளியையும் அங்கயே கேளுங்க.

காசு ஒரே தரத்தில காணாட்டி ஒழுங்கு இதுதான்: இந்த வருசம் தூணும் கூரையும், கீழ மணல் அப்படியே இருக்கட்டும், பாய் விரிச்சி இருந்து பாருங்க, எங்க நிழல், எங்க சாரல், அம்மா கதிரையை எங்க இழுத்துப் போடுறா எண்டு ஒரு மாரியும் ஒரு கச்சானும் காட்டிரும். அடுத்தது வேலை இடமும் பைப்பும். அதுக்குப் பிறகு தரை. வேலை தொடங்க நல்ல காலம் மாசி, பங்குனி, மழை விட்டு மணல் இறுகி நிக்கும், மேசன்மாரும் கிடைப்பாங்க, செப்டெம்பருக்கு முதல் கூரை முடிஞ்சிரோணும். நீங்க அங்க இருந்து காசு அனுப்புறதால கூலிய முழுசா முன்னுக்கு குடுக்காதீங்க, தூண் குழி தோண்டினதும் மனைவிய டேப் பிடிச்சி ஆழம் அளந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அதைப் பாத்த பிறகு கொங்கிரீட்டுக்கு காசு. கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் தென்னைகளுக்கும் வீட்டுச் சுவர்ல இருந்து எத்தனை அடி எண்டு அளந்து அனுப்புங்க, திண்ணைய வடக்கால தள்ளுறதா தெற்கால தள்ளுறதா எண்டு கீறிக் காட்டுறன்.